கண்ணாடிச் சத்தம் கேட்கிற வண்டி

ஒரு வண்டி வாங்கப் போகிறோம் என்று வாயைத் திறந்து சொல்லிப் பாருங்கள். அதுவரை நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். முடிவெட்டுகிறவர் ஒரு யோசனை சொல்வார். பல் டாக்டர் நம் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, மறுத்துப் பேச முடியாத நேரமாகப் பார்த்து இன்னொரு யோசனை சொல்வார். ஆமையக்கா புது பிக்கப் வண்டி வாங்கப் போகிறாள் என்ற செய்தி பரவிய வாரத்தில் பதினேழு பேர் அவளுக்கு யோசனை சொன்னார்கள். பதினேழு பேரும் சொன்னது ஒன்றேதான். சுமை ஏற்றுகிற வண்டி என்றால் டீசல். பெட்ரோல் பக்கம் தலைவைத்தும் படுக்காதே.

அந்தப் பதினேழு பேரில் ஒருவராவது கண்ணாடி ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறாரா என்றால், இல்லை. அதற்காக ஒருவரும் வாயை மூடிக்கொள்ளவும் இல்லை.

ஆமையக்காவும் அவள் கணவரும் கண்ணாடிக் கடை வைத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, கடை முகப்புக் கண்ணாடி எல்லாம் செய்வார்கள். அறுப்பது அவர், கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள். கடையின் நடுவில் பழைய கம்பளம் விரித்த நீளமான மேசை. சுவர் ஓரமாக மரத் தட்டிகளில் கண்ணாடித் தகடுகள் புத்தகம் போல வரிசையாக நிற்கும். அறுக்கும் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தோய்த்து, கடையே அந்த வாசனையில் ஊறிப்போயிருந்தது. தரையை எத்தனை தடவை பெருக்கினாலும் காலடியில் ஏதாவது ஒன்று நறுக்கென்று உடையும். அதனால் அந்தக் கடையில் வீட்டு ஆட்கள்கூட ஷூ இல்லாமல் நடமாட மாட்டார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்குக் கடையிலும் வேலை கிடையாது, வண்டியிலும் வேலை கிடையாது. சம்பளத்துக்கு ஒரு டிரைவர் இருந்தார். அவர் ஒரே வாரத்தில் மூன்று நிலைக்கண்ணாடிகளை உடைத்தார். நாலாவதை உடைக்கும் தைரியம் இல்லாமல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். தையல்கடைக்குப் போகவேண்டிய ஆளுயரக் கண்ணாடி வாசலில் காத்திருந்தது. கணவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையும்கூட. எதிரே லாரி வந்தால் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார், அது ஒன்றுதான் குறை.

அவள் ஓட்டுநர் பள்ளிக்குப் போனாள். பதினோரு நாளில் கற்றுக்கொண்டு பன்னிரண்டாம் நாள் அந்த ஆளுயரக் கண்ணாடியைத் தானே கொண்டுபோய் இறக்கினாள். அன்றைக்குப் பிடித்த ஸ்டியரிங்கை இருபத்து நாலு வருஷமாக அவள் விடவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் வண்டியில் உடைந்த கண்ணாடி ஒன்றே ஒன்று. அதைப் பற்றி அவளிடம் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது. மண்டபத்து நிலைக்கண்ணாடி அது. பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடிக்கிறானே என்று அவசரப்பட்டுவிட்டாள். அதற்கப்புறம் எவன் ஹாரன் அடித்தாலும் அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆமை என்ற பெயரை வைத்தவர்கள் அவளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வண்டிக்காரர்கள்தான். அவள் மெதுவாகப் போவாள். அதோடு விட்டாலும் பரவாயில்லை. நாலு தெரு போனதும் ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்திவிடுவாள். முதுகுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஜன்னலைத் திறந்து வண்டியைக் கையால் குலுக்கி, காதை வைத்துக்கொண்டு பத்து எண்ணுவாள். பிறகு கிளம்புவாள். இன்னும் நாலு தெரு, மறுபடியும் அதே கூத்து. ஒரு நாளைக்கு நாற்பது தடவை இப்படி.

பார்க்கிறவர்களுக்கு அது கிறுக்குத்தனம். ஆனால் கண்ணாடி பேசும் என்பது அவளுக்குத் தெரியும். வண்டியின் பின்னால் கூரைபோலச் சாய்ந்த மரச்சட்டம் இருக்கும். அதில் கண்ணாடிகளைச் சாய்த்து நிறுத்தி, இடையிடையே ரப்பர் பட்டை கொடுத்துக் கட்டுவார்கள். கட்டு சரியாக இருந்தால் வண்டி குலுங்கும்போது கண்ணாடிகள் ஒன்றாகச் சேர்ந்து மெல்ல முனகும். எங்காவது ஒரு பட்டை நழுவிவிட்டால், டிக் டிக் என்று நகத்தால் தட்டுவது போல ஒரு சத்தம் கிளம்பும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் இறங்கிச் சரிசெய்தால் கண்ணாடி பிழைக்கும். கேட்காமல் விட்டால் அடுத்த பள்ளத்தில் கதை முடிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், டீசல் எஞ்சின் ஓடும்போது அந்தச் சத்தம் கேட்காது. எஞ்சின் போடும் கடகடவில் இடியே விழுந்தாலும் தெரியாது. அதனால்தான் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். முதல் வண்டியை மாமனார் பார்த்து வாங்கினார், டீசல். இரண்டாவதைக் கொழுந்தன் பார்த்து வாங்கினான், அதுவும் டீசல். ஓட்டுகிறவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

இப்போது இரண்டாவது வண்டியும் அடிப்பக்கம் முழுக்கத் துருவேறி, மெக்கானிக் கைகழுவிவிட்டார். கூடவே வேறொன்றும் சேர்ந்து வந்தது. மேட்டு உச்சியில் புதிதாகக் கட்டுகிற நூலகத்துக்கு முகப்புக் கண்ணாடி போடும் வேலையை ஆமையக்காவின் கடைக்குக் கொடுத்திருந்தார்கள். நான்கு பெரிய கண்ணாடிகள். ஒவ்வொன்றையும் தூக்க நாலு பேர் வேண்டும். பத்து வண்டி வைத்திருக்கிற பெரிய கம்பெனி ஒன்று அந்த வேலையைக் கேட்டு வரிசையில் நின்றது. நூலகர் அம்மா, "உடைக்காம கொண்டுவர்றவங்ககிட்டதான் குடுப்பேன்" என்று சொல்லி இவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வகைக் கண்ணாடியை ஆலையில் சூடேற்றி இறுக்கி அனுப்புவார்கள். நடுப் பரப்பில் அடித்தாலும் தாங்கும். விளிம்பில் ஒரு ஆணித்தலை இடித்தால் போதும், மொத்தமும் உப்பு மாதிரிக் கொட்டிவிடும். மறுபடி வரவழைக்க ஆறு வாரம் ஆகும். அதற்குள் நூலகத் திறப்பு நாள் போய்விடும், இருபத்து நாலு வருஷத்துப் பேரும் போய்விடும்.

"இந்த வண்டிய நான்தான் பாத்து வாங்குவேன்" என்றாள் அவள், கணவரிடம்.

"ஓட்டறது நீ. முடிவும் நீயே எடு" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, "தம்பிகிட்டயும் நீயே சொல்லிடு" என்றார்.

தம்பி என்றால் கொழுந்தன். ஜல்லி ஏற்றும் லாரிகள் இரண்டு வைத்திருந்தான். குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும் அவன் டயரை எட்டி உதைத்துத் தலையாட்டினால்தான் வாங்குவார்கள். ஆள் நல்லவன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் ஒன்றைப் பேசத் தெரியாது. டீசல் என்று சொன்னாலே முகம் மலர்ந்துவிடும். செய்தி கேட்டு அன்று மாலையே கடைக்கு வந்துவிட்டான்.

"அண்ணி, இதுல யோசிக்க என்ன இருக்கு? டீசல் எடுங்க. மேட்டுல யானை மாதிரி ஏறும். எண்ணெய்ச் செலவும் கம்மி."

"பெட்ரோலும் ஓட்டிப் பாக்கறேன் தம்பி."

"பெட்ரோலா? காய்கறி வாங்கிட்டு வரவா? சும்மா விளையாடாதீங்க."

"விளையாடல. ரெண்டையும் லோடு ஏத்தி ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுவேன். நீங்களும் வாங்க."

கூப்பிடாவிட்டாலும் வந்திருப்பான்.

வண்டி விற்கும் ஷோரூமில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் இருந்தார். ஒரே கம்பெனி, ஒரே உருவம்; ஒன்று டீசல், ஒன்று பெட்ரோல். இரண்டையும் பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தார். ஆமையக்காவின் கணவர் மரச்சட்டத்தையும் ஒதுக்கிவைத்த பழைய கண்ணாடிகளையும் நாலு ஆட்களோடு கொண்டுவந்து இறக்குவதைப் பார்த்ததும் விற்பனையாளர் குறுக்கே வந்து நின்றார்.

"மேடம், ஓட்டிப் பாக்கறப்ப லோடு ஏத்தக் கூடாது. ரூல்ஸ் அப்படி."

"லோடு இல்லாம நான் எப்ப சார் ஓட்டப் போறேன்?"

"மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு மேடம்."

"கூப்பிடுங்க அவர. இந்த ஷோரூம் முன்பக்கக் கண்ணாடிய ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நான்தான் கொண்டுவந்து இறக்கினேன். இன்னிக்கி வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்திருக்கான்னு கேளுங்க."

மேனேஜர் வந்தார், கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் கணவரிடம் இன்னொன்றும் சொல்லி வைத்திருந்தாள். ரெண்டு தடவையும் ஏதாவது ஒரு பட்டையைக் கொஞ்சம் நழுவவிட்டுக் கட்டுங்கள். எந்தப் பட்டை என்று எனக்குச் சொல்ல வேண்டாம். இருபத்து நாலு வருஷமாகப் பட்டையைச் சரியாகக் கட்டியே பழகிய மனிதருக்கு அதைத் தப்பாகக் கட்டக் கை வரவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒருவழியாகக் கட்டி முடித்தார்.

முதலில் டீசல். முன்னால் மூன்று பேர் உட்காரும் ஒரே இருக்கை. ஓட்டுகிற இடத்தில் அவள், ஜன்னல் பக்கம் கொழுந்தன், நடுவில் விற்பனையாளர். கொழுந்தன் நல்ல உடம்புக்காரன். கியர் கம்பி வேறு முட்டிக்கு நடுவில் நின்றது. பாவம் அந்த மனிதர் டையைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார்.

டீசல் வண்டியைக் குறை சொல்ல முடியாது. நூலக மேட்டில் பாதியில் நிறுத்தி மறுபடி எடுத்தாள். ஆக்ஸிலரேட்டரைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை; கிளட்சை விட்டதும் தானாக நகர்ந்தது. "பாத்தீங்களா அண்ணி!" என்று கொழுந்தன் தன் சொந்தப் பிள்ளை முதல் பரிசு வாங்கியது போலத் துள்ளினான். ஆனால் மேடு ஏறி இறங்கித் திரும்புகிற வரைக்கும் கண்ணாடியிடமிருந்து ஒரு சத்தமும் அவளுக்குக் கேட்கவில்லை. ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தி, கையால் வண்டியைக் குலுக்கிப் பார்த்தபிறகுதான் டிக் டிக் கேட்டது. அத்தனை தூரமும் ஒரு கண்ணாடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறது.

"சார், இதுல புகைக்கரிய வடிகட்டற ஒரு சாமான் இருக்காமே? அத என்ன பண்ணணும்?" என்று விற்பனையாளரிடம் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம் மேடம். வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ நிறுத்தாம அரை மணி நேரம் நல்ல வேகத்துல ஓட்டினீங்கன்னா, சூட்டுல தானே எரிஞ்சு சுத்தமாயிடும்."

"எங்க கடையிலேருந்து எங்க போனாலும் பத்து நிமிஷம்தான். அதுலயும் நாலு தடவ நிறுத்துவேன்."

"அப்ப... கொஞ்சம் அடைச்சுக்கும் மேடம்" என்றார் அவர். நடுவில் நசுங்கியதாலோ என்னவோ, உண்மை தானாக வெளியே வந்துவிட்டது.

அடுத்தது பெட்ரோல். அவள் சாவியைப் பாதி திருப்பிவிட்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்துக் காத்திருந்தாள்.

"என்ன மேடம்?" என்றார் விற்பனையாளர்.

"விளக்கு அணையட்டும்."

"எந்த விளக்கு?"

பழைய டீசல் வண்டியில் உள்ளே சூடேறும் வரை ஒரு சின்ன விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் சாவியை முழுசாகத் திருப்ப வேண்டும். இருபத்து நாலு வருஷம் அந்த விளக்குக்கு மரியாதை கொடுத்துப் பழகியவள், அது பெட்ரோல் வண்டியில் கிடையாது என்பதை மறந்தே போனாள். கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொன்றும் நடந்தது. மேட்டில் பாதியில் நிறுத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. எஞ்சின் அணைந்துவிட்டது என்று நினைத்துச் சாவியைத் திருப்பினாள். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் கிறீச்சென்று அலறியது. விற்பனையாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணி, ஓடிட்டுதான் இருக்கு" என்றான் கொழுந்தன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே.

அதற்கப்புறம் நடந்ததற்கு அவனும் சிரிக்கவில்லை. டீசல் பழக்கத்தில் அவள் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை விட்டாள். வண்டி ஒரு உதறு உதறி உண்மையாகவே அணைந்தது. பின்பக்கமாக ஒரு முழம் உருண்டது. அவள் பிரேக்கை அழுத்தி நிறுத்தினாள். இரண்டாவது தடவை எஞ்சினை நன்றாக முறுக்கித்தான் எடுக்க முடிந்தது.

"இப்பவாவது புரியுதா?" என்றான் அவன். "இதுதான் பெட்ரோல்."

அவள் வண்டியை மேலே ஏற்றினாள். முதுகுப்பக்க ஜன்னல் திறந்திருந்தது. மேடு தாண்டி இரண்டாவது வளைவில் திரும்பும்போது தலையைச் சாய்த்தாள்.

"இடது பக்கம், உள்ளேருந்து மூணாவது கண்ணாடி. கீழ்ப் பட்டை" என்றாள், வண்டியை நிறுத்தாமலே.

கொழுந்தன் நம்பவில்லை. ஓரம் கட்டச் சொல்லி இறங்கிப் போய்ப் பார்த்தான். இடது பக்கம், உள்ளேயிருந்து மூன்றாவது, கீழ்ப் பட்டை. திரும்பி வந்து கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினான்.

அன்று சாயங்காலம் அவள் கடை மேசையில் சாய்ந்து நின்று வெகுநேரம் யோசித்தாள். பயம் இல்லாமல் இல்லை. வண்டி பின்னால் உருண்ட அந்த ஒரு முழம் மனதைவிட்டுப் போகவில்லை. ஆனால் இப்படி நினைத்துப் பார்த்தாள்: மேட்டில் எடுப்பது என் கால் சம்பந்தப்பட்டது, காலைப் பழக்கிவிடலாம். டீசல் சத்தத்துக்குள் கண்ணாடி பேசுவதைக் கேட்க எந்தக் காதையும் பழக்க முடியாது. எண்ணெய்ச் செலவு கொஞ்சம் கூடினால் கூடட்டும். ஒரு கண்ணாடி உடையாமல் இருந்தால் அதெல்லாம் ஒன்றுமில்லை.

"பெட்ரோல்" என்றாள்.

கணவர் தலையாட்டினார். கொழுந்தன் எழுந்துவிட்டான்.

"அண்ணி, நான் மரியாதையாத்தான் சொல்றேன். மேட்டுல வண்டி உருண்டா, கண்ணாடி மட்டும் உடையாது, நம்ம குடும்பத்துப் பேரும் சேந்து உடையும். அப்ப என்கிட்ட வராதீங்க."

"வர மாட்டேன் தம்பி. டீ குடிச்சிட்டுப் போங்க."

டீ குடிக்காமல் போனான். இதுவரை அப்படி நடந்ததே இல்லை. அவளுக்கு மனது சுருக்கென்றது. இருந்தாலும் அசைந்து கொடுக்கவில்லை.

புது வண்டி வந்த மறுநாளிலிருந்து தினமும் காலையில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நூலக மேட்டுக்குப் போனாள். கணவரும் கூடவே போனார். பாதி மேட்டில் நிறுத்துவாள். அவர் இறங்கிப் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு காலித் தீப்பெட்டியை வைத்துவிட்டு நடைபாதை ஓரம் குந்திக்கொள்வார். அவள் வண்டியை எடுக்க வேண்டும். தீப்பெட்டி நசுங்கக் கூடாது. முதல் நாள் ஐந்து பெட்டி நசுங்கியது. இரண்டாம் நாள் நாலு. காலை நடைக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இப்படியே போனால் இந்தப் புருஷனும் பெண்டாட்டியும் தீப்பெட்டிக் கடைக்காரர்களாகிவிடுவார்கள் போலிருக்கிறதே என்று ஒருவர் கேலி செய்தார். ஐந்தாம் நாள் ஒரு பெட்டி முழுசாகத் தப்பியது. கணவர் அதை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வழியாக நீட்டினார். பத்தாம் நாள் பத்து தடவை நிறுத்தி எடுத்தாள். பத்து தடவையும் பெட்டி வைத்தபடியே இருந்தது. அன்று அவள் காலுக்கும் காதுக்கும் ஒரே சமயத்தில் நம்பிக்கை வந்தது.

நூலகக் கண்ணாடிகள் ஒரு புதன்கிழமை ஆலையிலிருந்து வந்து இறங்கின. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவற்றை ஏற்றினார்கள். தூக்குகிற ஆட்கள் முன்னாலேயே மேட்டுக்குப் போய்விட்டார்கள். பட்டை ஒவ்வொன்றையும் கணவர் கட்டினார், அவள் தொட்டுப் பார்த்தாள், அவர் மறுபடி இழுத்துக் கட்டினார். அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் புறப்பட்டாள்.

மேட்டின் அடிவாரத்தில் ஒரு டீக்கடை உண்டு. அதன் ஓரத்தில் ஜல்லி லாரி ஒன்று, காலி லாரி, வேலை நேரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. கடைக்குள் கொழுந்தன் இவர்கள் பக்கம் முதுகைக் காட்டியபடி டீ குடிப்பது போல உட்கார்ந்திருந்தான். லாரியின் முன்பக்கத்தில் இழுப்பதற்கான தடித்த கயிறு சுருட்டித் தயாராகத் தொங்கியது. அவளுக்குக் கோபமும் வந்தது, பாசமும் வந்தது. என்கிட்ட வராதீங்க என்றவன் தானே வந்து நிற்கிறான்.

"பாத்தியா உன் கொழுந்தன?" என்றார் கணவர்.

"பாக்கல" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறினாள்.

பாதி மேட்டில் ஒரு பஸ் ஆட்களை இறக்க நின்றது. அவளும் நின்றாள். பின்னால் கார்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. பஸ் நகர்ந்ததும், முறுக்க வேண்டிய அளவு முறுக்கி, விட வேண்டிய அளவு விட்டு, வண்டியை எடுத்தாள். ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை. கணவர் மூடியிருந்த கண்ணைத் திறந்தார்.

இன்னும் நூறு அடி போயிருப்பார்கள். அவள் தலை சாய்ந்தது.

டிக். டிக்.

"வெளிப்பக்கத்துக் கண்ணாடி. மேல் பட்டை" என்றாள். வண்டியை மேட்டிலேயே நிறுத்தினாள். பின்னால் நாலு ஹாரன் ஒரே சமயத்தில் அலறின. அலறட்டும். கணவர் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினார். புது ரப்பர் பட்டை. வழுவழுப்பு இன்னும் போகவில்லை. பஸ் பின்னால் நின்று எடுத்தபோது நாலு விரற்கடை நழுவியிருந்தது. கண்ணாடியின் விளிம்புக்கும் சட்டத்தின் ஆணித்தலைக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிதான் பாக்கி. நூலக வாசலுக்கு முன்னால் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய பள்ளம் ஒன்று இருந்தது. அதில் விழுந்து எழுந்திருந்தால் அவ்வளவுதான்.

அதற்குள் கொழுந்தன் மேட்டில் ஓடிவந்துவிட்டான். தோளில் கயிறு, மேல்மூச்சு கீழ்மூச்சு.

"என்ன அண்ணி, நின்னுடுச்சா?"

"நிக்கல. நிறுத்தினேன்."

"எஞ்சின் அணைஞ்சுபோச்சே!"

"ஓடிட்டிருக்கு தம்பி. தொட்டுப் பாருங்க."

அவன் பானட்டில் கையை வைத்தான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்பக்கம் போய் அண்ணன் கையிலிருந்த பட்டையைப் பார்த்தான், ஆணித்தலையைப் பார்த்தான், கண்ணாடியின் விளிம்பைப் பார்த்தான். லாரிக்காரன்தானே, எது எதில் இடித்தால் என்ன ஆகும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பட்டையை இறுக்கினார்கள். பிறகு அவன் ஹாரன் அடித்த கார்களுக்கு நேரே போய் நின்று, "ஒரு நிமிஷம் பொறுத்தா குடியா முழுகிடும்?" என்று சத்தம் போட்டான். ஜன்னல் பக்கம் வந்து, "எடுங்க அண்ணி. நான் பின்னாடி நிக்கறேன்" என்றான்.

எடுத்தாள். அவன் பின்னால் நின்றதற்கு வேலையே இருக்கவில்லை.

சாயங்காலம் நாலு கண்ணாடியும் நூலக முகப்பில் நின்றன. உள்ளே இன்னும் அலமாரிகள் வரவில்லை. வெறும் ஹாலில் வெயில் தரை முழுக்கப் பரவியிருந்தது. நூலகர் அம்மா கண்ணாடிக்கு முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். "ஒரு கீறல் இல்ல" என்றார். ஆமையக்கா ஈரத்துணியால் ஆட்களின் கைரேகைகளைத் துடைத்தாள். அவளுக்கு அப்போது இருந்த பெருமையை மறைத்துவைக்க அவள் ஒன்றும் முயற்சி செய்யவில்லை. துடைத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே நின்றாள்.

நாலு மாதம் கழித்துக் கொழுந்தன் மூன்றாவதாக ஒரு வண்டி வாங்கக் கிளம்பினான். லாரி போக முடியாத சந்துகளுக்கு ஜல்லி கொண்டுபோக ஒரு பிக்கப். ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு ஷோரூமிலிருந்து போன் செய்தான்.

"அண்ணி, கொஞ்சம் வர முடியுமா?"

அவள் போனாள். டை கட்டிய விற்பனையாளர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கொழுந்தன் இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். இதுவரை டயரைக்கூட உதைக்கவில்லையாம்.

"எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டாள்.

"குவாரியிலேருந்து வரணும். ஒரு மணி நேர ஓட்டம். ஒரு நாளைக்கு அஞ்சு நடை."

"நடுவுல நிறுத்துவீங்களா?"

"எதுக்கு நிறுத்தணும்? ஜல்லி என்ன பேசவா போகுது?"

"அப்ப டீசல்தான். யோசிக்கவே வேண்டாம்."

விற்பனையாளருக்கு ஆச்சரியம். கொழுந்தன் தலையை ஆட்டினான். "அதையேதான் நானும் நெனச்சேன்" என்றான்.

"தெரிஞ்சு வச்சுக்கிட்டா என்னக் கூப்பிட்டீங்க? கடையில அவரு ஒத்த ஆளா நிக்கறாரு."

அவன் வண்டியின் கதவைத் திறந்தான், சாத்தினான்.

"போன தடவையும் எனக்கு எல்லாம் தெரியும்னுதான் நெனச்சேன் அண்ணி" என்றான். "நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா எனக்குத் தைரியம்."

சாதாரணமாக அவளுக்குப் பதிலுக்குக் கிண்டல் செய்ய வாய் வரும். அன்றைக்கு "சரி தம்பி, வாங்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

கடையில் கணவர் மேசைமேல் குனிந்து ஒரு ஜன்னல் கண்ணாடியை அறுத்துக்கொண்டிருந்தார். அவள் வண்டிச் சாவியைக்கூட மாட்டாமல் நேராகப் போய், கொழுந்தன் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னாள். அவர் அறுக்கிற சக்கரத்தைக் கீழே வைத்தார். பாதியில் கையை எடுத்தால் கோடு கெட்டுவிடும் என்று யார் கூப்பிட்டாலும் நிமிராத மனிதர் அவர்.

"அவன் வாயாலயா சொன்னான்?"

"அவன் வாயாலதான்."

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.